வணிக மதிப்பு இல்லை

நாளை இரவு பாயான் லெப்பாஸில் விமானம்.
இன்று பட்டர்வொர்த்தில் முப்பத்து மூன்று டிகிரி.
முழங்கால் தொடும் கம்பளிக் கோட்டுக்குள்
வேர்த்துக்கொண்டு நிற்கிறேன்.
பண்டல் கடையில் நாற்பத்தைந்து ரிங்கிட்.
பைக்குள் கைவிட்டால் ஒரு கொரிய நாணயம்.
என்னைவிட இந்தக் கோட்டுக்கு
வெளிநாட்டு அனுபவம் கூடுதல்.

ஹனோவர் கண்காட்சியில்
எங்களுக்கு ஒன்பது சதுர மீட்டர்.
நான்கு நாளைக்கு வாடகை,
ஒரு பழைய மைவி காரின் விலை.

நாங்கள் செய்வது ரப்பர் வளையம்.
பம்புக்கும் குழாய்க்கும் நடுவில்
எவர் கண்ணிலும் படாமல் கிடப்பது.
உழைக்கிறவரை அதற்குப் பேரில்லை,
கெட்டுப்போனால்தான் பேச்சு, அதுவும் ஏச்சு.
ஒன்றுமே நடக்காததை
மேசைமேல் எப்படிக் காட்சிக்கு வைப்பது?

ஊய் லெங்தான் வழி சொன்னாள்,
பிறைப் பட்டறையில் கோப்பியை ஊதியபடி:
"ரெண்டு கண்ணாடிக் குழாய் வை. நீலத் தண்ணி ஊத்து.
ஒன்னுல நம்ம வளையம்.
இன்னொன்னு ஒழுகட்டும் லா."
பதினோரு ஆண்டுக் கூட்டாளி,
கணக்கில் ஒரு காசு கசிய விட்டதில்லை.
அவள் போக வேண்டிய பயணம் இது.
எட்டாம் மாதம், டாக்டர் விடவில்லை.

முகவரி அட்டை முந்நூறு நேற்று வந்தது.
மலேசியாவுக்கு அறுபது. அச்சில் அறுபத்தாறு.
எங்களை அழைத்தால்
தாய்லாந்தில் யாரோ தூக்கம் கலைவார்.
ஆறின் வாலை வளைத்து மூடிப் பார்த்தோம்,
எட்டானது.
பிறகு மதிவாணன் வெள்ளை மை தொட்டு வைக்க,
யாழிசை ஊதி ஊதிக் காயவைக்க,
நான் பூஜ்யம் போட்டேன்.
இருநூறைத் தாண்டியதும்
பூஜ்யங்கள் முட்டையாகத் தொடங்கின.
பரீட்சைத்தாள் மாதிரி இருக்கு என்றாள் மகள்.

பெட்டி இருபத்தாறு கிலோ.
விடுவது இருபத்து மூன்று.
இரும்புத் தாங்கியில் கைவைக்க முடியாது.
இரண்டாம் ஜோடிக் காலணியை எடுத்தேன்,
மாங்காய் ஊறுகாயை எடுத்தேன்,
திறப்பு நாளுக்கென வாங்கிய மஞ்சள் புடவையை எடுத்தேன்,
திரும்ப வைத்தேன்,
தலை உலர்த்தும் கருவியை எடுத்தேன்.
ஈரத்தலையோடு நின்றாலும் புடவையில் நிற்பேன்.

சுங்கத் தாள்.
மாதிரிகள்: நாற்பது. காட்சிக்கு மட்டும்.
மதிப்பு என்ற கட்டத்தில்
ஏஜெண்ட் எழுதச் சொன்னது:
வணிக மதிப்பு இல்லை.
எல்லாரும் அப்படித்தான் எழுதுவாங்க அக்கா என்றான்.
பேனா சற்று நின்றது.
இந்த வளையங்களுக்காக என் வளையல்கள்
மூன்று முறை அடகுக்குப் போய்
இரண்டு முறை திரும்பின.
இல்லை என்றுதான் எழுதினேன்.
கையெழுத்தும் போட்டேன், அழகாகவே.

மணி இரண்டு. வீடு உறங்குகிறது.
சமையலறைக் குழாய் மட்டும் சொட்டுகிறது.
தைப்பூசத்துக்கு முன்பிருந்தே சொட்டு,
நாளைக்குப் பார்க்கிறேன் என்று
தினமும் நானே சொல்லிவந்த சொட்டு.

மாதிரிப் பெட்டியைத் திறந்தேன்.
கறுப்பு நுரைத்தட்டில் நாற்பது குழி, நாற்பது வளையம்.
பதினேழு, அரை அங்குலம்.
மீட்டரை அடைத்தேன். ஸ்பேனர் வழுக்கியது.
கோட்டைக் கழற்றிவிட்டுத் திருகினேன்.

நின்றுவிட்டது.
ஒன்றுமே நடக்கவில்லை.
தொட்டியருகில் நின்று
வெகுநேரம் அதைக் கேட்டேன்.

ஹனோவரில் எவராவது
காலியான பதினேழாம் குழியைச் சுட்டினால்
சொல்ல ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம் வேண்டும்.
அதற்கு முன்
சுங்கத் தாளில் நாற்பதை முப்பத்தொன்பதாக்க
அந்த வெள்ளை மையை
எங்கே வைத்தேன்?