காந்தம் ஒட்டாத இடம்

விளாங்குடிக்கு வந்து இறங்கியபோது
அந்த பியட்டுக்கு ஒரே நிறம், வெள்ளை.
புரோக்கர் கதவைச் சாத்திக் காட்டினான்:
"சத்தத்தக் கேளுங்கண்ணே, அம்புட்டும் இரும்பு."
நானும் கேட்டேன்.
மின்வாரியத்தில் பத்தொன்பது வருஷம்
மீட்டர் கணக்கெடுப்பவன்.
வட்டு சுற்றுகிற வேகம் பார்த்தே
எந்த வீட்டில் கள்ள வயர் என்று சொல்லிவிடுவேன்.
கதவுச் சத்தத்தில் ஏமாந்தேன்.

தகர ஷெட்டுக்குள்
முன்சக்கரம் இரண்டையும் கழற்றி
செங்கல் மேல் நிறுத்தியாயிற்று.
பெர்சிஸின் துணிக்கொடி
பானெட்டுக்கு மேலே இடம் மாறியது.
எதிர்வீட்டு மாயாண்டிக்குத் தினமும் ஒரே கேள்வி:
"தவசியண்ணே, சித்திரைக்காச்சும் ஓடுமா?"
எந்தச் சித்திரை என்று அவனும் சொல்லவில்லை.

கார்புரேட்டருக்கு மட்டும் நாலு ஞாயிறு.
முனிச்சாலை இரும்புக்கடையில்
எடைக்குப் போட்ட குவியலைக் கிளறி
ஒரு வீல் கப், இரண்டு கதவுப் பிடி,
பியட்டுடையதுதானா என்று
கடைக்காரனுக்கும் தெரியாத ஒரு கண்ணாடி.

ஜெமிமாவுக்குப் பதினாலு வயது.
பெர்சிஸோடு இந்த வீட்டுக்கு வந்து பதினோரு மாதம்.
என்னை என்னவென்றும் கூப்பிடுவதில்லை.
"சாப்பாடு ரெடியாம்" என்பாள்,
பாதி எனக்கு, பாதி சுவருக்கு.

ஒரு சனிக்கிழமை
பிரிட்ஜில் கணக்குப் பேப்பரைப் பிடித்திருந்த
கொடைக்கானல் காந்தத்தைக் கொண்டு வந்தாள்.
மட்கார்டில் வைத்தாள், ஒட்டியது.
முன்கதவில் வைத்தாள், ஒட்டியது.
நடுத்தூணில் வைத்தாள்,
விழுந்தது.
கொஞ்சம் கீழே.
விழுந்தது.
"இங்கன இரும்பே இல்ல."

உப்புத்தாள் எடுத்துத் தேய்த்தோம்.
வெள்ளைக்குக் கீழே கறுப்பு,
கறுப்புக்குக் கீழே விரல்தடிமனுக்குப் பட்டி.
தூணுக்கு முன்னால் சாம்பல்நீலம் வந்தது,
பின்னால் பாட்டில் பச்சை.
நடுவே, சீட்டுக்கு அடியில், தரை நெடுக
கறையான் ஏறின தடம்போல
ஒரு வெல்டிங் கோடு.

எங்கோ முன்னால் போய் மோதியது ஒரு வண்டி.
எங்கோ பின்னால் அடிவாங்கியது இன்னொன்று.
நசுங்காத பாதிகளைச் சேர்த்து ஒட்டி
ஒரு ஆர்.சி. புத்தகத்தை வைத்துக்கொண்டு
மற்றதைக் கொளுத்தியிருக்கிறார்கள்.

அன்றிரவு நான் சாப்பிடவில்லை.
புரோக்கர் நம்பர் உபயோகத்தில் இல்லை.
பெர்சிஸ் டார்ச்சோடு வந்தாள்.
முட்டி போட்டு அந்தக் கோட்டை
ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை பார்த்தாள்.
"இப்படியே எத்தன வருஷம் ஓடிருக்கும்?"
அவ்வளவுதான் கேட்டாள்.

நெல்பேட்டை அபுதாகிர் வந்து
சுத்தியலால் தட்டித் தட்டிக் காது வைத்தார்.
"பத்துனவன் வேல தெரிஞ்சவன்தான்.
பிரிச்சீங்கன்னா ரெண்டுமே தகரம்.
அடியில பட்டை குடுத்து இழுத்துருவோம்."
கேஸ் போக மூவாயிரத்து நானூறு.
இருந்த ஒரு கறுப்புக் கண்ணாடியை
ஜெமிமா பிடுங்கிப் போட்டுக்கொண்டாள்.
பொறி பறந்தது முழுக்க
நான் கண்ணை மூடிக்கொண்டு கேட்டதுதான்.

சித்திரை போனது. ஆடியும் போனது.
ஐப்பசி முதல் மழைக்கு மறுநாள்,
நாலாம் தடவை இழுத்த சோக்கில்
இருமியது, புகைந்தது, நின்றது,
பிறகு நிற்கவில்லை.
மாயாண்டி பல்லில் பிரஷோடு ஓடி வந்தான்.

பெயிண்ட் இன்னும் அடிக்கவில்லை.
நிறத்தில் மூன்று பேரும் மூன்று கட்சி.
ரெட் ஆக்சைடு மேலோடு
நாகமலைப் பக்கம் ஒரு சுற்றுக் கிளம்பினோம்.
நீலப் பாதியில் நானும் பெர்சிஸும்,
பச்சைப் பாதியில் அவள்.

முதல் வேகத்தடை.
யாரும் யாரிடமும் சொல்லவில்லை,
பேச்சு நின்றுபோனது.
முன்சக்கரம் ஏறி இறங்கியது.
பின்சக்கரம் ஏறி
இறங்கும்போது
டங்கென்று ஒரு சத்தம்.

என் கால் தானாகப் பிரேக்குக்குப் போனது.
பின்சீட்டிலிருந்து எக்கி
என் தோளுக்கு மேல் அவள் சொன்னாள்:
"ஜாக்கி உருளுது.
நீங்க ஓட்டுங்க."