மூன்று பதினேழு

மறுபடி விழுந்தது.
ஏழாவது இரவு, அதே மூன்று பதினேழு.
குதாயிசி ரத்த வங்கியின் நிலவறையில்
ரியோனி ஆற்றின் ஈரம் சுவரேறிய அறையில்
நான், ஒரு சர்வர், ஆறிப்போன தேநீர்.

முதல் இரவு நினைவகத்தைச் சந்தேகித்தேன்,
கழற்றி, துடைத்து, மாட்டினேன்.
மூன்றாம் இரவு வன்தட்டை.
ஐந்தாம் இரவு மின்சாரத்தை.
ஆறாம் இரவு, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்,
மேல்மாடியில் கால் சூடேற்றி வைத்திருக்கும் சியுரியை.

சியுரி திட்டவில்லை.
திரை உறைந்ததும் கோடுபோட்ட நோட்டை விரிப்பாள்.
ஓ நெகட்டிவ் நான்கு பை.
ஏ பாசிட்டிவ் பதினொன்று.
ஸெஸ்தாபோனியிலிருந்து தொலைபேசி:
பிரசவம், ரத்தம் நிற்கவில்லை.
அவள் விரல் தாளில் இறங்கிய வேகத்தில்
என் வினவல் ஒன்றுகூட ஓடியதில்லை.
"உன் பெட்டி ஏன் பகலிலும் இப்படி இரைகிறது, ஜும்பர்?"
என்று மட்டும் கேட்டாள்.
விசிறியில் தூசி என்றேன்.

இன்று பதிவேட்டைக் கடைசி வரியிலிருந்து
மேல்நோக்கிப் படிக்கிறேன்.
நினைவகம் தீர்ந்தது,
பெரிய செயல்முறை கொல்லப்பட்டது.
அவ்வளவுதான். அனுதாபம் இல்லை.

இயங்குதளத்தின் நீதி அப்படி.
சோறு தீர்ந்த இரவில்
யார் தட்டு பெரிது என்று பார்க்கிறது,
வீட்டுக்காரனை வெட்டிப் போடுகிறது.
மூலையில் சின்னக் கிண்ணத்தோடு குந்தியிருப்பவனை
விருந்தாளி என்று விட்டுவிடுகிறது.
விருந்தாளி கடவுள் அனுப்பியவன்,
இது எங்கள் ஊர்ச் சொல்.

இந்த விருந்தாளி
தரவுத்தளத்தின் பெயரையே சூடியிருந்தான்,
ஓர் எழுத்து மட்டும் கூடுதல்.
பகலெல்லாம் யாருக்கோ காசு அரைத்துக்கொடுத்தான்.
மூன்று மணிக்கு நாள்கணக்கு முடிக்கும் வேலை எழும்,
பதினேழு நிமிடத்தில் மூச்சு முட்டும்,
சாவது எப்போதும் நம் ஆள்.

எத்தனை பேர் உள்ளே என்று
இயந்திரத்திடமே கேட்கிறேன்.
ஒருவன் என்கிறது.
சொல்லும் நாக்கையே மாற்றியிருந்தால்?
பூட்டை வைத்துப் பூட்டைச் சோதிக்கிறேன்.

எந்த வழியாக வந்தான் என்பது
தேடாமலே கிடைத்தது.
தீச்சுவரின் விதிகளில் பதினான்காவது,
உலகம் முழுவதற்கும் திறந்த ஒரு கதவு.
பக்கத்தில் குறிப்பு: "பத்து நிமிடத்துக்கு மட்டும். ஜு."
ஆகஸ்ட் மாதத் தேதி.
பழுதுபார்க்கும் நிறுவனத்துக்காகத் திறந்தேன்.
வேலை முடிந்ததா, அவர்கள் கூப்பிட்டார்களா,
அன்று நான் என்ன சாப்பிட்டேன்,
எதுவும் நினைவில்லை.
கடவுச்சொல்லும் பயனர் பெயரும் ஒன்றேதான்.
அதையும் நானே வைத்தேன்.

கொல்லலாம் அவனை, ஒரே கட்டளை.
கொல்லவில்லை. வலைக்கம்பியைப் பிடுங்கினேன்.
கழுவிச் சுத்தமாகிற வீடில்லை இது,
இடித்துக் கட்ட வேண்டும்.
செங்கல்லை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்,
ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்து.

தட்டிப் பார்க்கிறோம்.
நான் பிரதியெடுத்த வரிகளை உரக்கப் படிக்கிறேன்,
சியுரி நோட்டில் பென்சிலால் புள்ளி வைக்கிறாள்.
வெளியே முதல் மினிபஸ் இருமுகிறது.
இருநூற்றுப் பன்னிரண்டாவது வரி:
ஓ பாசிட்டிவ் என்கிறேன்.
பென்சில் நிற்கிறது.
நோட்டில் பி.

அவள் கைதவறா,
என் கதவு வழி வந்தவன் கையா,
அல்லது ஏழு இரவுச் சாவுகளில் ஒன்றில்
பாதி எழுதி நின்ற சொல்லா?
பதிவேட்டைத் தோண்டுகிறேன் என்கிறேன்.
"தோண்டு" என்று எழுந்து போகிறாள்.

குளிர்பெட்டி திறக்கிற சத்தம், மூடுகிற சத்தம்.
அந்தப் பையோடு வருகிறாள்.
அதன் வால்குழாயை நறுக்கி
வெள்ளை ஓட்டின்மேல் ஒரு சொட்டு,
அதன்மேல் நீலச் சீரம் ஒரு சொட்டு,
குச்சியால் கலக்கி
ஓட்டை மெல்லச் சாய்க்கிறாள், இப்படியும் அப்படியும்.

திரையை மறந்து, தாளை மறந்து
இருவரும் குனிந்திருக்கிறோம்,
திரள்கிறதா என்று.