எட்டாவது படி

சவோனாவில், துறைமுகத்துக்குப் பின்தெருவில்
ஒரு தியேட்டர். நான் அதன் ஆப்பரேட்டர்.
தலைக்கு மேலே கம்பியில் நிலக்கரித் தொட்டிகள்
ஊர்ந்துகொண்டிருக்கும் ஊர்.
வெள்ளைச் சட்டைக்காரர்கள்
அண்ணாந்து பார்த்தபடியே நடப்பார்கள்.

அந்த மார்ச்சில் ஒரு சிரிப்புப் படம் வந்தது.
குமாஸ்தா ஒருவன். பட்ட காலிலே படுவதற்கென்றே
தனியாக ஒரு காலை வளர்த்தவன்.
குடையை விரித்தால் மழை நிற்கும்,
மடக்கினால் பெய்யும்.
சம்பளக் கவரில் அவன் பெயருக்கு
ஓர் எழுத்து குறைவாகவே இருக்கும்.
பணமும்.

ஐந்தாவது ரீலில் மேலதிகாரி மனைவிக்குப் பிறந்தநாள்.
லிஃப்ட் ஓடாது.
மூன்றடுக்குக் கேக்கை ஏந்தி மாடிப்படி ஏறுவான்.
ஏழு படி வரைக்கும் ஒன்றும் ஆகாது.
எட்டாவதில்,
சொல்ல வேண்டியதில்லை.
சரக்கு இறக்கிவிட்டு வந்தவர்கள்
தொடையில் அறைந்து சிரிக்கிற சத்தம்
என் இரும்புக் கதவில் வந்து மோதும்.

வியாழன்தோறும் ஒருவர் வருவார்.
எர்மீனியோ கர்பாரினோ.
சுங்க அலுவலகத்தில் ரப்பர் முத்திரை குத்துகிறவர்.
நாலாவது வரிசை, ஓரத்து இருக்கை, மடியில் தொப்பி.
சிரித்து நான் பார்த்ததில்லை.
படிக்கட்டு வந்ததும் முன்னால் சாய்வார்,
உதடு எண்ணும்.

டிக்கெட் கிழிக்கிற மாஃபால்தா கேட்டே விட்டாள்.
"இன்றைக்காவது ஏறிவிடுவானோ என்றுதான், சிஞ்ஞோரா."
முட்டாள்தனம் என்று தெரிந்தே
சொன்ன குரலாம் அது.

ஒன்பதாவது வியாழன். பிரின்ட் தேய்ந்திருந்தது.
ஏழாவது படியில் ரீல் சிக்கிக்கொண்டது.
ஒரு மூச்சு நேரம்
தூக்கிய கால், சாயாத கேக்,
நம்பிக்கை வழியும் அந்த அசட்டு முகம்.
பிறகு நடுவில் ஒரு பழுப்புப் பொட்டு.
அது விரிந்து, கொப்பளித்து,
வெறும் வெள்ளை.

கூட்டம் விசிலடித்தது. என் தாயாரை விசாரித்தது.
ஜன்னல் துளை வழியே பார்த்தேன்:
நாலாவது வரிசையில் அவர் எழுந்து நின்றிருந்தார்.
தொப்பியை வைத்தார்.
கோட்டுப் பொத்தான்களைப் போட்டார்
(ஒன்று பிசகி, மேலே ஒன்று மிஞ்சியது).
நான் ஒட்டி முடிப்பதற்குள்
வாசலைத் தாண்டிவிட வேண்டும் என்கிற அவசரம்.

மெதுவாக ஒட்டினேன்.
என்னால் ஆனது அவ்வளவுதான்.

வெளியே கடைசி பஸ்
அவர் மூக்குக்கு நேரே கதவைச் சாத்திக்கொண்டு போனதாம்.
மேலே ஒரு தொட்டி குலுங்கி
ஈரத் தோளில் கரித்தூள் கொட்டியதாம்.
தட்டிவிடக்கூட இல்லை, என்றாள் மாஃபால்தா.
சிரித்துக்கொண்டே நடந்து போனாராம்,
பல்லெல்லாம் தெரிய.

அடுத்த வியாழன் வரவில்லை.
அதற்கடுத்ததும்.

வெட்டி எறிந்திருக்க வேண்டிய துண்டில் ஒரு சதுரம்,
எரிந்ததற்கு முந்தையது,
என் பர்ஸில், ரயில் பாஸுக்குப் பின்னால் இருக்கிறது.
விளக்குக்கு நேரே பிடித்தால்
நகத்தளவு மனிதன், நகத்தளவு கேக்,
எட்டாவது படிக்கு மேலே ஒரு கால்.

இன்னும் வைக்கவில்லை.