இருபத்து நான்கில் ஒன்று

பழைய டட்சனைச் சுருக்கிவிட்டேன்.
வைப்பர், கைப்பிடி,
சுண்டுவிரல் நகத்தில் அடங்கும் நம்பர் பலகை.

தண்ணீர்தான் சுருங்க மாட்டேன் என்கிறது.
மழையில் நனைந்த வண்டியாக இருக்கட்டுமே என்று
ஊசிமுனையில் ஒரு சொட்டு வைத்தேன்.
முன்கண்ணாடி முழுக்கப்
பூசணிக்காயாய் உட்கார்ந்துகொண்டது.
தூசியும் அப்படித்தான்.
ஒரு துகள் விழுந்தால்
கூரைமேல் பாறாங்கல்.

பகலில் தாம்பெரேயின் பனிச்சாலைகளில்
பள்ளத்தில் பாய்ந்த கார்களைக்
கொக்கி போட்டு இழுப்பவன் நான்.
நசுங்கலைப் பார்த்துப் பார்த்து அலுத்தவன்.
மேசைமேல் மட்டும்
ஒரு கீறல் பொறுக்க மாட்டேன்.

நேற்று ஹில்க்கா வந்திருந்தாள்,
பிரிந்தபின் முதல்முறை,
கொட்டகையில் கிடந்த தன் பனிக்கால டயர்களுக்காக.
கையுறையைக் கழற்றாமலே குனிந்து பார்த்தாள்.
"அந்த வலப்பக்கக் கதவு
இவ்வளவு நேராய் இருந்ததே இல்லையே" என்றாள்.
தபால்பெட்டியில் அவள் இடித்தது,
எழுபத்தெட்டில்,
இருவரும் சிரித்துச் சிரித்து
வண்டியைவிட்டு இறங்கவே நேரமானது.

நான்கு டயர்களையும் ஏற்றிவிட்டு வந்து
கரண்டிக் காம்பைச் சூடாக்கினேன்.
கதவில் வைத்தேன்.
பிளாஸ்டிக் இளகி உள்வாங்கியது.

அளவுகோல் வைத்துத்தான் செய்தேன்.
கொஞ்சம் பெரிதாகிவிட்டது.