ஏழு கிலோ

ஜெலுத்தோங் கிளினிக்கில் டைபாய்டு ஊசி.
இடது தோள் இன்னும் கனக்கிறது.
மலேரியா மாத்திரை தின்றால்
வெயிலில் சீக்கிரம் கறுத்துப்போவீர்கள் என்றார் டாக்டர்.
"இனிமேலா?" என்றேன்.
அவர் சிரிக்கவில்லை.

கைத்தராசுக் கொக்கியில் பையை மாட்டித்
தூக்கிப் பார்க்கிறார் புவனேந்திரன்:
எட்டு புள்ளி இரண்டு.
ஜீன்ஸ் வெளியே. ஹேர் டிரையர் வெளியே,
கரண்டே ராத்திரி மூன்று மணி நேரம்தானாம்.
மிட்டாய்ப் பொட்டலமும் வெளியே.
பிள்ளைகளைக் கையேந்தப் பழக்காதீர்கள்
என்று எழுதியிருக்கிறார் யாகோபுஸ்,
சும்பாவில் எங்களைக் கூட்டிப்போகிறவர்.
வாசலில் நீட்ட வெற்றிலை பாக்கு போதும்;
அதையும் இங்கே சந்தையில் வாங்கிக்கொள்ளலாம்,
பச்சை இலையை ஏர்போர்ட்டில் பிடுங்கிவிடுவார்கள்.

பாக்கின் பெயரைச் சுமக்கும் தீவிலிருந்து
பாக்கில்லாமல் போகிறேன்.

மொழிக்குக் கவலையில்லை, மலாய் இருக்கிறது
என்றுதான் இருந்தேன்.
நேற்று போனில் கேட்டேன்:
"அந்த ஊரில் எத்தனை புடாக் இருப்பார்கள்?"
பிள்ளைகளைத்தான் கேட்டேன்.
அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.
"இங்கே அந்தச் சொல்லுக்கு அடிமை என்று அர்த்தம்.
சில வீடுகளில் அது பழைய கதை இல்லை."

இப்போது ஆறு புள்ளி ஒன்பது.
கொசுவலை, டார்ச், முட்டி மறைக்கும் கைலி,
ஒரு குறிப்பேடு.
முதல் பக்கத்தில் 'அனாக்' என்று எழுதி
வாய்விட்டுச் சொல்லிப் பழகுகிறேன்.

கீழ்மாடியில் ரொஹானா
பந்தடிக்கும் வாண்டுகளைக் கத்திக் கூப்பிடுகிறாள்,
புடாக்-புடாக், புடாக்-புடாக்,
சோறு ஆறிப்போகிறதாம்.