இடப்பக்கம்

பழைய கருவியை பிஸ்கட் டின்னுக்குள் போட்டிருந்தேன்,
பித்தான்கள், தீர்ந்த பட்டரிகள், ஒற்றைத் தோட்டோடு.
வலது காதுக்குள் வைத்துத் தைத்தாயிற்று,
மயிருக்குள் காந்தம் ஒட்டிக்கிடக்கிறது,
இனி இடதுக்கென்ன வேலை?

ஆறு மாதம்.
பல்லும் கல்லும் வேறுவேறாயின,
சகரம் சல்லிக்காசு கொட்டினாற்போல் விழுந்தது.
ஆனால் குணாளன் வாய் திறந்தால்
தகரமெல்லாம் தகரமாகவே கேட்டது.
முப்பது வருசம் பக்கத்தில் படுத்த குரல்,
வானொலிப் பெட்டிக்குள் யாரோ வாத்து வளர்க்கிறமாதிரி.
சொன்னேன்.
ஒரு கிழமை என்னோடு கதைக்கவில்லை.

ருஸ்னா மிஸ்தான் கேட்டாள், திம்பிரிகஸ்யாய கிளினிக்கில்,
"மற்றதை என்ன செஞ்சீங்க?"
டின் கதையைச் சொன்னேன்.
"மிச்சமிருக்கிற காதைப் பட்டினி போடாதீங்க."

முதற்கிழமை பெருந்தொல்லை.
ஒரே சொல் இரண்டு தரம் வந்தது,
ஒரு கால் முந்தி, ஒரு கால் பிந்தி.
தலையணையில் சாய்ந்தால் இடது கூவியது.
பட்டரிச் செலவு வேறு.

பிறகொரு சனிக்கிழமை, வெள்ளவத்தைச் சந்தை,
அத்தனை கூச்சலுக்குள்ளிருந்து
பாரை மீனின் விலை மட்டும்
தனியே எழும்பி வந்தது, சிங்களத்தில்.
சிங்களத்திலேயே பேரம் பேசி
ஐம்பது ரூபா குறைத்தேன்.

வலது மெய்யெழுத்தைத் தருகிறது.
இடது, இற்றுப்போன என் இடது,
உயிரை.
ஓ, ஊ, அடிவயிற்றுச் சத்தங்கள்,
பக்கத்துவீட்டு மிருதங்கத்தின் தொப்பிப் பக்கம்,
அலை உடைந்த பிறகு வரும் அலை.
அரிவரியில் கரும்பலகையில் கூட்டிய கணக்கை
ஐம்பத்தெட்டு வயதில் தலைக்குள் கூட்டுகிறேன்.

நேற்றுப் பின்னேரம்
தண்டவாளம் கடக்க நின்றோம், கடலைப் பார்த்து.
கோச்சிச் சத்தம்.
முன்பென்றால் அது எங்கேயும் இருக்கும்,
மண்டைக்கு நடுவில், திசை கெட்டு.
அவர் என் முழங்கையைப் பிடிப்பார்.
நேற்றும் பிடித்தார், பம்பலப்பிட்டிப் பக்கம் பார்த்துக்கொண்டு.
"தெஹிவளையிலிருந்து வருகுது" என்றேன்.

தெஹிவளையிலிருந்துதான் வந்தது.

(பத்துக்கு ஆறு தரம்தான் சரிவரும்.
அதை அவருக்குச் சொல்லவில்லை.)

கடைசிப் பெட்டி போனபின்
என்னவோ சொன்னார்,
கரகரப்போடு, மூச்சோடு, முழுசாக.
"என்ன?" என்றேன்.
கேட்டதுதான்.
இன்னொரு தரம் சொல்லட்டுமே.