சித்தியின் பெயர்

என் சித்திக்குக் கலா என்று பெயர்.
தாம்வே சந்தையில் அவளை
யாரும் உரக்கக் கூப்பிடுவதில்லை.
கூப்பிட்டால் நாலு பேர் திரும்புவார்கள்,
இரண்டு பேர் சிரிப்பார்கள்.
பர்மிய மொழியில் அது நாங்கள் எல்லோரும்:
கப்பலில் வந்து இறங்கிய கறுத்த கூட்டம்.

பள்ளிப் பதிவேட்டில் நான் தின்சா.
சோறு போடும்போது அம்மாவுக்கு அங்காயி.
கன்னத்தில் தனாக்கா அப்பிக்கொண்டால்
பஸ்ஸில் பாதிப் பேர் ஏமாறுவார்கள்,
மீதிப் பேர் என் மூக்கைப் பார்ப்பார்கள்.
எட்டாம் வகுப்பில் ஒருத்தன்
வாசலில் நின்ற சித்தியைக் காட்டி
அந்தச் சொல்லைச் சொன்னபோது
முதலில் சிரித்தவள் நான்தான்.
இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

பிப்ரவரியில் தெரு தட்டத் தொடங்கியது.
இரவு எட்டு மணி ஆனால் போதும்.
குண்டான், தட்டு, எண்ணெய் டின்,
எதிர்வீட்டு உ சோ மௌன் தன் சைக்கிள் மணியை.
பேயை விரட்ட இப்படித்தான் இந்த ஊரில்.

அப்பா ஜன்னலைச் சாத்தினார்.
"இது அவங்க வீட்டுச் சண்டை.
நாம ஒதுங்கி நிக்கணும்."
இங்கேயே பிறந்தவர்.
அவருடைய அப்பாவும் இங்கேதான்.
ஆனாலும் அடையாள அட்டையை ஓர் உறையில் போட்டு
அந்த உறையை இன்னோர் உறையில் போட்டு
அரிசி டின்னுக்கு அடியில் வைத்திருக்கிறார்.
"அப்ப நம்ம வீடு எதுப்பா?"
பளாரென்று விழுந்தது.
என் கன்னத்தை விட
அவர் கைதான் அதிக நேரம் நடுங்கியது.

மறுநாள் எட்டு மணிக்கு
தோசை மாவுக் குண்டானோடு மாடியில் இருந்தேன்.
பக்கத்து மாடியில் ஏ மொன்,
என் பாதி ரகசியங்கள் அவளிடம்தான்.
தொண்டை கிழியக் கத்தினோம்.
"முனைக்கடைக் கலாதான்
ஆள் காட்டிக் கொடுக்கிறான்," என்றாள் அவள்,
சொல்லிவிட்டு என்னைப் பார்க்கக்கூட இல்லை,
அவ்வளவு இயல்பாக.
என் கரண்டி நிற்கவில்லை.
எதை அடிக்கிறேன் என்பது மட்டும்
கொஞ்ச நேரம் தெரியவில்லை.

ஒன்பதரைக்கு லாரி வந்தது.
அப்பா கதவைத் திறந்தார்.
அவருக்கு இல்லாத ஒரு கூனல்
அப்போது முதுகில் வந்திருந்தது.
தெருவுக்கே மனு எழுதித் தருகிறவர்,
வேண்டுமென்றே உடைத்த பர்மிய மொழியில் சொன்னார்:
"நாங்க கலாங்க ஐயா.
எங்களுக்கு இதெல்லாம் என்ன தெரியும்?"

டார்ச் பிடித்த சிப்பாய் சிரித்தான்.
என்னை விட ஒரு வயது கூட இருக்கலாம்.
அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும்.
என் வாயில் இருந்து பார்த்திருக்கிறேன்.

போய்விட்டார்கள்,
எதிர்வீட்டுக்கு.
உ சோ மௌனின் சைக்கிள் மணி
விடியும்வரை சாக்கடை ஓரம் கிடந்தது.

தாழ்ப்பாள் போட்ட பிறகும்
அப்பா நிமிர நேரம் பிடித்தது.
"குண்டானக் கழுவி வை.
அம்மா மாவு கரைக்கணும்."
கழுவினேன். அடியில் மூன்று நசுங்கல்.
கத்தி அழலாம் போல் இருந்தது,
கத்தினால் பக்கத்து வீட்டுக்குக் கேட்கும்,
எந்த மொழியில் அழுதேன் என்றும் கேட்கும்.

காலையில் சித்தி தெருமுனையில் வந்தாள்,
தலையில் கூடை.
மாடியில் இருந்து கூப்பிட்டேன்.
கலா! கலா சித்தி!
ஜன்னல்கள் திறந்தன.
அவள் படி ஏறி ஓடி வந்து
என் வாயைப் பொத்தினாள்.
அவள் உள்ளங்கையில் கருவாட்டு வாசனை.
அதற்குள்ளும் கூப்பிட்டேன்.